முன்வண்டியும் பூப்பொட்டலமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுத்தால், "ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நாவல் எழுதும் வழி சொல்ல வந்துவிட்டாளா" என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு மூடி வைத்துவிடுவேன். அதுகூடப் பெரிய காரணம் இல்லை. சாமியிடம் கேட்ட ஒரு விஷயத்தை இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்தி குறைந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம் ஒன்று. இன்னொன்று, இதில் பாதி என் நாத்தனார் செல்லம்மாவின் கதை. அவள் வாய் திறந்து சரி என்று சொல்லாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. போன கார்த்திகைக்கு அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள், அவளாகவே, "எழுதிப்போடுங்க மதினி. நமக்கப்புறம் யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். பழனியாண்டவனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாத நாவல் எழுத வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னைப் பார்க்க வந்தால் கேட்பது ஒன்றுதான். "ஆரம்பிச்சிடறோம்மா, முடிக்கத்தான் வரலை. நீங்க எப்படி முடிச்சீங்க?" ஆரம்பிப்பதற்கு ஆசை போதும். முடிப்பதற்கு ஒரு முறை வேண்டும். அந்த முறை எனக்கு எப்படிக் கிடைத்தது, அது ஓர் இடத்தில் எப்படிக் கைவிட்டது, ஏன் கைவிட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பிறந்தது பழனி அடிவாரம். வாழ்க்கைப்பட்டது கொடைக்கானல் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருந்தவருக்கு. மேல்மலைக் கிராமங்களிலிருந்து பூண்டும் உருளைக்கிழங்கும் எங்கள் கடைக்கு வரும். அங்கிருந்து லாரியில் வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குப் போகும். சீசன் முடிந்து வெள்ளைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறங்கிப் போய்விட்டால் ஊரே மூடுபனிக்குள் போய்விடும். அந்த மாதங்களில்தான் எனக்கு எழுத்துப் பைத்தியம் பிடித்தது. அணா போய் நயா பைசா வந்திருந்த புதுசு.

முதல் நாவலில் என் கதாநாயகி, மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் ஏறினாள். ஏறினவள் இறங்கவே இல்லை. எதற்காக ஏறினாள், எங்கே போகிறாள் என்று எனக்கே தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளையும் அருவியையும் பக்கம் பக்கமாக எழுதினேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "அந்தப் புள்ள இன்னும் பஸ்சுலயேதான் இருக்கா? பாவம், ஒரு காபித்தண்ணி வாங்கிக் குடு" என்பார். அவள் இன்றைக்கும் பஸ்ஸில்தான் இருக்கிறாள்.

இரண்டாவது நாவலின் முதல் அத்தியாயத்தை மதுரையில் ஓர் அச்சாபீஸ் முதலாளிக்கு அனுப்பினேன். மாத நாவல் போடுகிறவர். அனுப்பிய பிறகு அதைவிட நன்றாக எழுதலாமே என்று தோன்ற, திருத்தி இன்னொன்று அனுப்பினேன். அப்புறம் இன்னொன்று. அவர் கோடையில் குடும்பத்தோடு ஏரி பார்க்க மலையேறி வந்தபோது கடையைத் தேடி வந்தார்.

"அம்மா, உங்க முதல் அத்தியாயம் நல்லாருக்கு. மூணு தினுசுலயும் நல்லாருக்கு. ரெண்டாவது அத்தியாயம்னு ஒண்ணு உண்டா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபக்காரர் இல்லை. கிளம்பும்போது, "கடைசிப் பக்கம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரு கதையை எடுங்க. தைப்பூசக் கூட்டத்துல விக்கிற மாதிரி ஒரு நாவல் எனக்கு வேணும். பழனிக்காரங்க, உங்களால முடியும்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அந்த "பழனிக்காரங்க" மட்டும் உள்ளே நின்றுவிட்டது.

எங்கள் அப்பா பாதயாத்திரைக் கூட்டத்துக்குச் சமையல் செய்தவர். காரைக்குடிப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே, பாத்திர பண்டங்களோடு சமையல் வண்டி கிளம்பிப் போய்விடும். அதற்கு முன்வண்டி என்று பேர். நடக்கிறவர்கள் வந்து சேரும்போது அடுத்த தங்கலில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு தோப்பில் புளியோதரை, ஒரு மடத்தில் சுக்குத்தண்ணி, ஒரு குளத்தங்கரையில் காலுக்கு வெந்நீர். "அந்தப் புளியோதரைத் தோப்பு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் கூட்டம் நடக்கும். மலையைப் பார்த்து நடந்தால் யாருக்கும் கால் வராது. அடுத்த தங்கலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். ஆனால் மலை எங்கே இருக்கிறது என்பது புறப்பட்ட நாளே எல்லாருக்கும் தெரியும்.

நாவலையும் அப்படி நடத்திப் பார்த்தால் என்ன?

முதலில், கதையை ஒரே மூச்சில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். எழுதக் கூடாது, சொல்ல வேண்டும். கேட்கிறவர் கை வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் கதை இருக்கிறது. நிமிரவில்லையென்றால் வேறு கதை பார்க்க வேண்டியதுதான். அடுத்து, கடைசியில் போய்ச் சேரும் இடத்தை முடிவு செய்வது. அதாவது மலை. பிறகு நடுவில் வரும் தங்கல்கள். ஒவ்வொரு தங்கலிலும் படிக்கிறவருக்கு என்ன காத்திருக்கிறது என்று முன்வண்டியை அனுப்புவது போல ஒரே ஒரு வரி எழுதி வைப்பது. ஒரு சண்டையோ, ஒரு சேதியோ, ஒரு சிரிப்போ. வெறும் தங்கலாக ஒன்றும் இருக்கக் கூடாது. அதற்கப்புறம் தினமும் வெள்ளனே எழுந்து, விளக்கேற்றி, கடை திறப்பதற்குள் ஒரு தங்கல் தூரம் நடக்க வேண்டும். திரும்பிப் போய் நேற்று நடந்ததைத் திருத்தக் கூடாது. பாதயாத்திரை போகிறவன் துண்டை விட்டுவிட்டேன் என்று பின்னால் ஓடினால் கூட்டம் போய்விடும். சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது நிதானமாக யானைப்பாதை வழியாக வரலாம். திருத்துவதெல்லாம் அப்போதுதான்.

நான் கதை சொன்னது செல்லம்மாவிடம். அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குத் தங்கை. வத்தலக்குண்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு நாள் துணிப்பையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மாப்பிள்ளை குடிக்கிறவரும் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. "ஏன் வந்தே?" என்று ஊரே கேட்டதற்கு "வந்துட்டேன்" என்பாள். அவ்வளவுதான். தைப்பூசம் கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து அழைத்துப் போவதாகச் சேதி சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பூண்டு தரம் பிரிப்பது அவள் சோலி. கை நிற்காது, வாயும் நிற்காது.

நான் சொன்ன கதை இதுதான். பொன்னுத்தாயி என்று ஒருத்தி. புருஷன் வீட்டை விட்டுப் பிறந்த மேல்மலைக் கிராமத்துக்கு வந்துவிடுகிறாள். படி போல வெட்டிய மலங்காட்டை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்துத் தனியாகப் பூண்டு போடுகிறாள்.

செல்லம்மாவின் கை நின்றது.

"அப்பறம்?"

"அப்பறம்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"வெரசா யோசிங்க மதினி. அவ வெதைச்சுட்டு நிக்கா."

ஆக, கதை இருந்தது. தங்கல்களும் வந்துவிட்டன. பனிக்கருகல், தண்ணீர்ச் சண்டை, மாமியார் மலையேறி வந்து பேசுவது, பூண்டு விலை போவது. ஆனால் மலை எங்கே என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. பொன்னுத்தாயி புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாளா, இல்லையா? திரும்பினாள் என்று எழுதினால் செல்லம்மாவுக்குப் புத்தி சொன்னது போல் ஆகும். திரும்பவில்லை என்றால், "நாத்தனாரைக் கெடுக்கிறவள் இவள்தான்" என்று சம்பந்தி வீட்டார் பேசுவார்கள். கதை எழுதுகிறவளுக்கு வரக் கூடாத பயம் அது. எனக்கு வந்தது.

பயந்தவள் என்ன செய்வாள்? கோயிலுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்கு வழி தெரியாவிட்டால் பூப் போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக இலையில் மடித்து, சாமி முன்னால் வைத்து, குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வது. கல்யாணத்துக்குக் கேட்பார்கள், கிணறு வெட்டக் கேட்பார்கள். ஒரு நாவலின் முடிவுக்குக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன காரியம் என்று முருகன் கோயில் பூசாரியிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளை வந்தால் திரும்புகிறாள் என்று மனதில் வைத்துக்கொண்டேன். பூசாரியின் பேத்தி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது. பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்து, கடைசித் தங்கலில் "பொன்னுத்தாயி திரும்புகிறாள்" என்று எழுதிவிட்டேன்.

அதற்கப்புறம் நன்றாக நடந்தேன். எழுத எழுத, எங்கள் சரக்கு லாரி ஓட்டிய காதர் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். அவர் மதுரையில் அச்சாபீஸில் சேர்ப்பார். தைப்பூசத்துக்கு நாள் நெருங்கியதால் முதலாளி முழு நாவலுக்கும் காத்திராமல் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். ஒரு பாரம் அடித்ததும், கோர்த்த ஈய எழுத்துகளைப் பிரித்து அடுத்த பாரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அடித்தது அடித்ததுதான்.

காலையில் எழுதியதை மத்தியானம் செல்லம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். தண்ணீர்ச் சண்டைக்கு, "இன்னும் ரெண்டு வார்த்த நல்லா வையச் சொல்லுங்க" என்றாள். மாமியார் மலையேறி வந்த அத்தியாயத்தில், பொன்னுத்தாயி அந்தக் கிழவிக்குக் காலில் ஒத்தடம் கொடுத்துவிட்டு, "தைப்பூசத்துக்கு ஒங்ககூட வந்து நின்னு காவடி பாப்பேன் அத்தே" என்று வாக்குக் கொடுப்பாள். அதைக் கேட்டுச் செல்லம்மா மூக்கை உறிஞ்சினாள். "பூண்டு நெடி" என்றாள்.

கடைசி இரண்டு தங்கல்தான் பாக்கி. அங்கே நின்றுபோனேன்.

வெள்ளனே எழுந்து உட்கார்ந்தால் ஒரு வரி வராது. வந்தாலும் செத்த வரி. பொன்னுத்தாயி மூட்டையைக் கட்டினாள் என்று எழுதுவேன், கோடு போட்டு அடிப்பேன். காதர் அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு வந்து கையை நீட்டுவார். வெறுங்கையோடு போவார். இரண்டாம் முறை அப்படிப் போனவர் மூன்றாம் முறை வந்தபோது, "தங்கச்சி, மிஷின் சும்மா நிக்குதாம். அடுத்த லோடுல முடிவு வரலைன்னா அடிச்ச தாளெல்லாம் தைப்பூசத்துல பட்டாணி மடிக்கத்தான் ஆகும்னு மொதலாளி சொல்லச் சொன்னாரு. அவரு சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல" என்றார். மறுநாள் உச்சிப்பொழுதுக்கு மேல் லாரி கிளம்பும்.

அன்று மத்தியானம் படித்துக் காட்ட ஒன்றும் இல்லை. செல்லம்மா பூண்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன மதினி, பொன்னுத்தாயி எங்கன நிக்கா?"

"திரும்பிப் போறா."

"ஓ."

கையிலிருந்த பூண்டின் சருகை ஊதித் தள்ளினாள்.

"யாரு சொன்னா?"

அவளிடம் பொய் சொல்ல முடியாது. பூப் போட்டுக் கேட்டதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள், முருகன் பேர் வந்ததற்காக. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சாமிகிட்ட கேட்டீங்க, சரி. அவகிட்ட கேட்டீங்களா?"

"யாருகிட்ட?"

"பொன்னுத்தாயிகிட்ட. பனியில வெந்து, தண்ணிக்குச் சண்ட போட்டு, அம்புட்டும் செஞ்சவ அவ. போறியா இருக்கியான்னு ஒரு வார்த்த அவள யாரு கேட்டா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் பயம் போகவில்லை. சாமி சொன்ன பிறகு மாற்றலாமா? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன். இந்தத் தடவை பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

"கதைக்கா கேட்டீங்க? எம்பேத்தி கதையையா எடுத்துக் குடுத்தா?" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "தாயி, பூக் கேக்கிறது, ரெண்டு வழியும் நடந்து பாத்து, ரெண்டும் ஒண்ணுபோல இருக்குன்னு கால் ஓஞ்சு நிக்கிறவுகளுக்கு. நீங்க வீட்ட விட்டே கெளம்பலையே. வழிக்குப் பயந்துல்ல சாமிகிட்ட ஓடியாந்திருக்கீங்க. போங்க, நடந்து பாருங்க. அதுக்கப்பறமும் தெரியலேன்னா வாங்க, நானே பூ முடிஞ்சு தாரேன்."

திருநீறு வாங்கிக்கொண்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் விடியலில் இரண்டு தாள் எடுத்தேன். ஒன்றில் பொன்னுத்தாயி திரும்பிப் போகிறாள். இன்னொன்றில் இருக்கிறாள். இரண்டையும் நடத்திப் பார்த்தேன். முதல் தாளில் புருஷன் பேசினான், மாமியார் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரிகூடப் பேசினாள். பொன்னுத்தாயி வாயே திறக்கவில்லை. எவ்வளவு தள்ளினாலும் திறக்கவில்லை. இரண்டாவது தாளில் அவள் எடுத்த எடுப்பிலேயே, "காட்டுக்கு ஆள் வரும், நான் போகணும்" என்றாள். அதற்கப்புறம் என் கை அவள் பின்னால் ஓடியது.

நடுவில் ஓர் இடறல். மாமியாருக்குக் கொடுத்த வாக்கு அச்சாகிவிட்டது. பழைய புத்தியாக இருந்தால் அந்த அத்தியாயத்தைத் திருத்தலாமே என்று ஏங்கியிருப்பேன். அடித்த தாளில் இருப்பதை யார் திருத்துவது? சரி, வாக்குக் கொடுத்தவள் காப்பாற்றட்டும் என்று விட்டேன். பொன்னுத்தாயி தைப்பூசத்துக்குப் பழனிக்கு வந்தாள். மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்று காவடி பார்த்தாள். மலையேறிக் கும்பிட்டாள். இறங்கி வந்து கிழவியின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு, தன் காட்டுக்கு பஸ் ஏறினாள். இவள் எங்கே இறங்குவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவுதான் நாவல்.

மூட்டைகள் ஏறிக்கொண்டிருக்கும்போது தாள்களைக் காதர் அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "எறங்குனாளா தங்கச்சி?" என்றார் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே. பழைய பஸ் கதை லாரி வரைக்கும் போயிருக்கிறது.

தைப்பூசத்தில் புத்தகம் வந்தது. நன்றாகவே போயிற்று. அதைப் பெருமையாகச் சொல்ல இதை எழுதவில்லை. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான்.

சொன்னபடியே பெரியவர்கள் வத்தலக்குண்டிலிருந்து வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ரொம்ப நேரம் பேசிவிட்டு அவர்களில் மூத்தவர் சொன்னார்: "நாம ஏன் வழக்காடணும்? முருகன் சந்நிதியில பூப் போட்டுப் பாத்துருவோம். வெள்ள வந்தா அழைச்சிட்டுப் போறோம்."

என் வீட்டுக்காரரும், "அதுவும் சரிதாங்க" என்றார்.

காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன். ஆண்கள் பேசும் இடத்தில் அதுவரை நான் பேசினது கிடையாது. என் நாக்கில் இருந்தது என் வார்த்தையும் இல்லை.

"பூ இருக்கட்டுங்க. மொதல்ல செல்லம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு, வேறு வழியில்லாமல், பின்கட்டுப் பக்கம் பார்த்தார்கள். செல்லம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னம்மா, வாரியா? இருக்கியா?"

அவள் மூத்தவரைப் பார்த்தே சொன்னாள்.

"அந்த வீட்டுல என்ன கொழம்பு வைக்கணும்னு நான் எல்லாரையும் கேட்டுருக்கேன் மாமா. ஒனக்கு என்ன வேணும்னு என்னக் கேட்டது நீங்கதான், இன்னைக்குத்தான். நான் இங்கனயே இருந்துக்கிறேன். அத்தைக்கு ஒடம்பு முடியலேன்னா சொல்லி விடுங்க, வந்து பாத்துட்டு வாரேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "மூட்ட அவுத்தபடி கெடக்கு மதினி, சோலியப் பாக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

"அப்ப பூ?" என்றார் மூத்தவர்.

"கேட்டாச்சுங்களே," என்றார் என் வீட்டுக்காரர். "இனி எதுக்குங்க?"

அவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ஆளுக்கொரு கட்டுப் பூண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். செல்லம்மா பின்னால் தனியாகப் பூண்டு வியாபாரம் செய்தாள், என் வீட்டுக்காரரைவிட நன்றாகவே. மாமியார் படுத்தபோது போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். இன்றைக்கும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். நானும் அதற்கப்புறம் எழுதிய எல்லாவற்றையும் இந்த வழியில்தான் எழுதினேன். எதையும் பஸ்ஸில் விட்டுவிட்டு வரவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விஷயம் வாய்வழியாக ஏற்கெனவே கொஞ்சம் சுற்றிக்கொண்டிருக்கிறது. முருகன் கனவில் வந்து எனக்கு முடிவு சொன்னதாக ஒருவர் கூட்டத்தில் பேசினாராம். பூக் கேட்டதைச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று இன்னொருவர் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாராம். முன்வண்டியையும் தங்கல்களையும் மட்டும் சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தால் நாவல் முடியும், ஆனால் பொன்னுத்தாயி வாய் திறக்க மாட்டாள். ஆகையால் யாருக்காவது சொல்வதென்றால் நடந்தபடியே சொல்லுங்கள். என் பயத்தையும் சொல்லுங்கள், பூசாரி சிரித்ததையும் சொல்லுங்கள், செல்லம்மா கேட்டதையும் அவள் கேட்ட மாதிரியே சொல்லுங்கள்.

எழுதி முடித்து இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வழக்கம்போலப் பூண்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். எங்கேயாவது மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"என்னையவா கேக்கீங்க?" என்று சிரித்தாள். "அப்படியே இருக்கட்டும் மதினி."